கப்டனுக்கு ஒரு கல்

முல்லைத்தீவு மாவட்டத்திலே, ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், கற்சிலைமடு என்றொரு கிராமம் இருக்கிறது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் என்பவர் இவ்விடத்துக்கு அணித்தாகப் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அக்கல்லில் ஆங்கிலத்தில் வெட்டப்பட்டிருந்த செய்தி. ஒரு வாக்கியத்துக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

நம் வாசகர்களிற் பலர் ஆசிரியர்கள், இலக்கணம் கற்பிப்பவர்கள். அவர்களிடமே இந்த வாக்கியத்தை ஒப்படைக்கிறோம். எழுவாய் யார்? கப்டன். பயனிலை என்ன? தோற்கடித்தார். செயப்படுபொருள் யார்? வன்னியன். சரி, கப்டனுக்கு முன்னே காடு வெட்டி வழி செய்தவர்கள் எங்கே? அவருடைய படைக்குப் பொதி சுமந்தவர்கள் எங்கே? வன்னியனுக்குப் பக்கத்திலே நின்று விழுந்தவர்கள் எங்கே? யாருடைய வயலை மிதித்துக்கொண்டு அந்தச் சண்டை நடந்ததோ, அவர்கள் எங்கே? ஒரு வேற்றுமை உருபு அளவுக்குக்கூட அந்த வாக்கியத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

போரிலே அதிகாரிக்குக் கல் நாட்டிவிட்டு, அணியில் நின்று மாண்டவனையும், அணியிலே நில்லாமலே மாண்டவளையும் மறந்துவிடுவது ஒரு பழைய வழக்கம். அது ஏகாதிபத்தியத்தோடு கப்பலேறிப் போய்விட்டதென்று சிலர் எண்ணுகிறார்கள். போகவில்லை. கொடி மாறியிருக்கிறது, கல்லிலே வெட்டப்படும் மொழி மாறியிருக்கிறது, வழக்கம் அப்படியேதான் இருக்கிறது. அரசிடம் மட்டுமன்றி, தமிழராகிய நம்மிடத்தும், முற்போக்காளர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் நம்மிடத்தும் அது குடியிருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

குதிரையும் கால்நடையும்

ஆண்டவர்களின் வழக்கத்தை முதலிலே பார்ப்போம். 1892இல் இலங்கையிலே குதிரையேறிப் போரிடும் தொண்டர் படை ஒன்று அமைக்கப்பட்டது. 1906இல் அது ‘சிலோன் மவுண்டட் றைபிள்ஸ்’ என்று பெயர் பெற்றது. 1938இல் கலைக்கப்பட்டது. தொண்டர் படை என்பதைக் கவனிக்க வேண்டும். வயிற்றுப் பிழைப்புக்காக இதிலே எவரும் சேரவில்லை. சொந்தமாகக் குதிரை வைத்திருக்கவும், அதற்குத் தீனி போட்டுப் பராமரிக்க ஆள் அமர்த்தவும், ஓய்வு வேளையிலே அதன்மேல் ஏறித் துப்பாக்கிப் பயிற்சி செய்யவும் அக்காலத்து இலங்கையிலே யாருக்கு வசதியிருந்தது? வெள்ளைத் தோட்டத்துரைமாருக்கும் வர்த்தகக் கனவான்களுக்குமே இருந்தது.

1900ஆம் ஆண்டில் இப்படையினர் நூற்றுச் சொச்சம் பேர் போயர்களோடு போரிடத் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினர். அதே ஆண்டில் அங்கே பிடிபட்ட போயர் கைதிகள் எதிர்த்திசையிலே கப்பலேற்றப்பட்டுத் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். சுமார் 5,000 பேர் நமது மலைநாட்டின் குளிரிலே முட்கம்பிக்குள் அடைபட்டுக் கிடந்தனர். தென்னாபிரிக்காவிலே பிரித்தானியர் அமைத்த தடுப்பு முகாம்களில் 26,000க்கு மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் நோயாலும் பசியாலும் இறந்தனர். கறுப்பின மக்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அங்கே ஆயிரமாயிரமாக மாண்டவர்களை ஒழுங்காக எண்ணி வைக்கவும் எவரும் அக்கறைப்படவில்லை. தங்கச் சுரங்கங்களுக்காக நடந்த அந்த யுத்தத்திற்குக் கண்டியிலே நினைவுச் சின்னம் இருக்கிறது. இங்கிருந்து சென்று மடிந்தவர்களை அது நினைவுகூர்கிறது.

அயல்நாட்டிலே மடிந்த ஓர் இளைஞனை இகழ்வது நமது நோக்கமன்று. அவனும் ஒரு தாயின் பிள்ளை. நாம் கேட்பது வேறு. அந்தத் துரைமாரின் தோட்டங்களுக்கு ஆள் எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, இரயிலும் ஒழுங்கான கப்பற் போக்குவரத்தும் வருவதற்கு முன், தமிழகத்தின் வறண்ட சீமைகளிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்க் கரையிலே இறங்கினார்கள். அங்கிருந்து கால்நடை. வன்னிக் காட்டின் ஓரமாக மதவாச்சி, தம்புள்ளை வழியே மாத்தளை வரையில் நூற்றைம்பது மைலளவு நடை. கங்காணி முன்னே போனான். வாந்திபேதியும் வைசூரியும் காட்டுக் காய்ச்சலும் பின்னே வந்தன. தண்ணீர் கிடைத்த இடத்திலே நோயும் கிடைத்தது. விழுந்தவனைத் தூக்கிச் செல்ல ஆளில்லை, விட்டுவிட்டு நடந்தார்கள். அந்தப் பாதையின் இருமருங்கிலும் எத்தனை பேருடைய எலும்பு மண்ணாகியிருக்கிறதென்று கணக்குச் சொல்ல வல்லவர் எவருமில்லை.

துரை குதிரைமேல் ஏறியதற்கு அந்தக் கூலியின் நடைதான் காரணம். கோப்பியும் தேயிலையும் இல்லாவிட்டால் துரைக்குக் குதிரை ஏது? குதிரை இல்லாவிட்டால் குதிரைப் படை ஏது? படை இல்லாவிட்டால் அதிகாரி ஏது? ஆயினும் அதிகாரிக்கு நகரத்தின் நடுவே கல் கிடைத்தது. நடந்து செத்தவனுக்கு வழியோரத்து மரத்தடிகூடச் சொந்தமாகவில்லை.

இது ஆங்கிலேயரின் உலகளாவிய வழக்கம் என்பதற்கு அவர்களுடைய ஸ்தாபனமே பின்னாளில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறது. முதலாம் உலக யுத்தத்தில் மாண்டவர்களுக்கெல்லாம் பதவி பாராமல் ஒரே அளவான கல் என்பது பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு பெருமையோடு பேசிவந்த கொள்கை. 2021ஆம் ஆண்டில் அதே ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, ஆபிரிக்காவையும் ஆசியாவையும் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையிலே நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயரால் நினைவுகூரப்படவேயில்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஆணைக்குழு மன்னிப்பும் கேட்டது. சமத்துவம் பேசிய கல்லறைத் தோட்டத்திலேயே தோலின் நிறம் வேலியாக நின்றிருக்கிறது.

நாயின் பெயரும் ஆளின் பெயரும்

இதைச் சொன்னவுடன் நம்மவர்கள் சிலர், “தமிழருக்கு நடுகல் மரபு உண்டு, எங்களுக்கா வீரவணக்கம் கற்பிக்கிறீர்கள்?” என்று மார்தட்டுவார்கள். மார்தட்டுவதற்கு முன் அந்த மரபைச் சற்றே படித்துப் பார்ப்பது நல்லது.

செங்கம் வட்டாரத்து நடுகற்களிற் பல, பேரரசனுக்காக எழுந்தவையல்ல. ஊரின் மாட்டைக் கவர வந்தவர்களோடு பொருது விழுந்த சாதாரண மனிதர்களுக்காக எழுந்தவை. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதிலே கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் பெயர் இருக்கிறது. அவனுடைய நாயின் உருவமும் இருக்கிறது. நாய்க்குப் பெயரும் இருக்கிறது: கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, வீழ்ந்த தன் தலைவனைக் காத்துநின்ற நாய் அது. மன்னனின் ஆட்சியாண்டு கல்லிலே குறிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கல் மன்னனுக்கு உரியதன்று. மாடு காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் உரியது.

ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லிலே வெட்டியவர்களின் வழிவந்தோர் நாம். மன்னார்ப் பாதையிலே மாண்டவர்களில் ஒருவரின் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா? முடியாதென்றால் நடுகல் மரபைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

1803இல் நடந்தது என்ன?

இனி வன்னிக்கு வருவோம். கற்சிலைமடுக் கல் மறைத்த சங்கதி ஒன்றிருக்கிறது. அதனை நம்முடைய மேடைகளும் மறைக்கின்றன. கொழும்பின் மேடைகளும் மறைக்கின்றன.

1803ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் கண்டி இராச்சியத்துக்கும் முதலாவது யுத்தம் நடந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. அதைத் தொடர்ந்து நாட்டின் பல பாகங்களிலும் வெள்ளையருக்கு எதிரான எழுச்சி கிளம்பியது. வன்னியிலே பண்டார வன்னியன் எழுந்தது அந்தப் பேரலையின் ஒரு பகுதியாகும். கண்டியரின் துணையோடு அவன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த ஆங்கிலப் படை பின்வாங்கியது. முல்லைத்தீவு வீழ்ந்த நாள் ஓகஸ்ட் 25 என்று இன்றும் வன்னியிலே கொண்டாடப்படுகிறது. அதன்பின்னரே ஒக்டோபர் இறுதியில் டிறிபேர்க் கற்சிலைமடுவில் வன்னியனை முறியடித்தார்.

கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்க வமிசத்தவன். அவனுடைய குடிகள் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். வன்னியனின் குடிகள் தமிழ் விவசாயிகள். இவ்விரு சாராரும் ஒரே ஆண்டில், ஒரே எதிரிக்கு எதிராக, ஒருவருக்கொருவர் துணையாக நின்றனர். எதிர்ப்பக்கத்திலே நின்றவரின் பெயரிலே ‘வொன்’ என்ற ஜெர்மானியச் சொல் ஒட்டியிருக்கிறது. அவருக்குச் சம்பளம் கொடுத்தவன் ஆங்கிலேயன். இனத்துக்கும் இனத்துக்கும் நடந்த யுத்தமாக 1803ஐ எப்படித் திருப்பினாலும் அது பொருந்தி வராது.

அதனாலேதான் இருபக்கத்து இனவாதிகளுக்கும் இந்தச் சங்கதி கசக்கிறது. வன்னிக்காடு என்றைக்கும் தம் ஆட்சிப் பரப்பாகவே இருந்ததென்று சாதிக்க விரும்பும் சிங்களப் பேரினவாதிக்குத் தமிழ்ப் பெயர் கொண்ட ஓர் ஏகாதிபத்திய எதிர்ப்பாளன் தொல்லை. சிங்களவன் என்றாலே சரித்திரப் பகைவன் என்று வகுப்பெடுக்க விரும்பும் தமிழினவாதிக்குக் கண்டியரின் உதவி தொல்லை. எனவே 1982இல் அரசாங்கம் அவனைத் தேசிய வீரனாக அங்கீகரித்துக் கைதட்டிக்கொண்டது. நம்மவர்கள் வவுனியாவிலே வாளேந்திய சிலையாக நிறுத்தி மாலை போட்டுக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து அவன் யாரோடு தோளிணைந்து நின்றான் என்பதை மட்டும் அகற்றிவிட்டார்கள்.

நம் எழுத்தாளர்களும் இதிலே பங்காளிகள். முல்லைமணியின் நாடகம் வன்னியனை ஈழத்து மேடையிலே உலவவிட்டது. தமிழகத்திலே கலைஞர் கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்று நாவலே எழுதினார். மறந்துபோன ஒருவனை மக்கள் நாவிலே மீண்டும் கொண்டுவந்தது நல்ல காரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் இவற்றின் வழிவந்த மேடைப் பேச்சுக்களிலும் பள்ளிக்கூட நாடகங்களிலும் மிஞ்சியது என்ன? ஓர் அரசன், ஒரு வாள், ஒரு காதலி, ஒரு துரோகி. காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான்; ஆகவே தோற்றோம் என்பதோடு சரித்திரம் முடிந்துவிடுகிறது. பீரங்கிக்கும் வாளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், ஒல்லாந்தர் காலந்தொட்டு வன்னியர்மேல் சுமத்தப்பட்ட திறை, குளங்கள் பாழடைந்தமை, காய்ச்சலால் ஊர்கள் காலியானமை ஆகியவற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்தச் சண்டையில் வன்னியன் இறந்தானா, தப்பிச் சென்று பின்னர் இறந்தானா என்பதிலேயே ஊர் மரபும் எழுத்தாவணமும் ஒன்றுபடவில்லை. வெள்ளையரின் கல்கூடத் ‘தோற்கடித்தார்’ என்றே கூறிற்று, கொன்றதாகக் கூறவில்லை. நம் நாடக மேடையோ ஆண்டுதோறும் அவனைக் கொன்று அழுகிறது.

வன்னியனுடைய வயலை உழுதவன் எந்தச் சாதி? அவனுக்குத் தலைவன் வீட்டு முற்றத்திலே அமர உரிமை இருந்ததா? இக்கேள்விகளைக் கேட்டால், “வீரனைக் கொச்சைப்படுத்தாதீர்” என்கிறார்கள். வெள்ளையன் கப்டனை மட்டும் எழுதினான். நாம் அரசனை மட்டும் எழுதினோம். கல்லின் எதிரும் புதிருமான இரண்டு பக்கங்கள் இவை, கல் ஒன்றுதான்.

2009இல் போர் முடிந்த பின் அந்தப் பழைய கல்லும் உடைத்தெறியப்பட்டது. அடிமைச் சின்னம் ஒழிந்ததென்று மகிழ்வோர் இருக்கலாம். நாம் மகிழவில்லை. பகைவன் தன் கையாலே எழுதிவைத்த சாட்சியம் அது. வன்னியன் என்றொருவன் இருந்தான், எதிர்த்தான் என்பதற்குப் பகைவனே கையொப்பமிட்ட பத்திரம். அதை உடைப்பவன் அடிமைத்தனத்தை உடைக்கவில்லை. சரித்திரத்தின் சாட்சியைத்தான் ஒழிக்கிறான்.

கொங்கிறீட் வெற்றி

வெள்ளையரின் கல்லுக்கு ஒரு மனிதன் உயரந்தான் இருந்திருக்கும். 2009இன் பின் வன்னியிலே எழுந்தவற்றைப் பாருங்கள். கிளிநொச்சி நகரத்தின் நடுவே பெரிய கொங்கிறீட் கனசதுரம். குண்டு துளைத்த வெடிப்பு. அதன் உச்சியிலே தாமரை மலர். புதுக்குடியிருப்பிலே நீருக்கு நடுவே, சிங்கங்கள் காவலிருக்கும் பீடத்தின்மேல், துப்பாக்கியும் கொடியும் ஏந்திய இராட்சதப் படைவீரன். ஆனையிறவிலே நாட்டின் வரைபடத்தை ஏந்தி நிற்கும் கைகள். தெற்கிலிருந்து பேருந்திலே வருகிற உல்லாசப் பயணி இவற்றின் முன்னே நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறான்.

மறுபக்கத்திலே நடந்தது என்ன? கனகபுரம், விசுவமடு, முள்ளியவளை போன்ற இடங்களிலிருந்த விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லங்கள் மண்வெட்டும் இயந்திரத்தால் நிரவப்பட்டன. அரசியலை நீக்கிவிட்டுப் பாருங்கள்: அங்கே புதைந்திருந்தவர்கள் வன்னியின் பிள்ளைகள். தாய் தன் பிள்ளையின் தலைமாட்டிலே விளக்கேற்றுவது எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இராசத்துரோகம்? 2016 நவம்பரிலே கனகபுரத்து மக்கள் பற்றையை வெட்டி, உடைந்த கற்களைக் குவித்து, நடுங்கும் கையோடு சுடரேற்றினார்கள். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்துத் தள்ளப்பட்டது. மாணவர் கிளர்ந்தெழ, மூன்றாம் நாளே மீண்டும் அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று. 2024 மே மாதத்திலே திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் கைதுசெய்யப்பட்டார்கள். கஞ்சிக்கு அஞ்சுகிற அரசை உலக சரித்திரத்திலே தேடித்தான் பார்க்க வேண்டும்.

“அரசு சாதாரணச் சிப்பாயையும் கௌரவிக்கிறதே, 1991இல் ஆனையிறவிலே உயிர்விட்ட கோப்பிரல் காமினி குலரத்னவுக்கு நினைவிடம் இருக்கிறதே” என்று ஒருவர் வாதிடலாம். உண்மை, இருக்கிறது. ஆனால் ஒரு கோப்பிரலைப் புராண புருஷனாக்குவது ஆயிரம் சிப்பாய்களின் குடும்பத்தைக் கவனிப்பதற்கு ஈடாகாது. வறண்ட வலயத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்து, விளைச்சல் பொய்த்த வீடுகளிலிருந்து, கடன் அடைக்கப் படையிலே சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். காலிழந்தும் கண்ணிழந்தும் திரும்பிய அவர்களிற் பலர் 2018இல் தம் ஓய்வூதிய உரிமைக்காகக் கொழும்பு வீதியிலே குந்தியிருக்க வேண்டி வந்ததே! கொங்கிறீட் வீரனுக்குச் செலவிட்ட கை, தசையாலான வீரனுக்கு ஏன் சுருங்கியது? வெற்றிச் சின்னம் அந்தச் சிப்பாய்க்காகக் கட்டப்பட்டதன்று. அவன் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டவர்களுக்காகக் கட்டப்பட்டது.

இவ்விடத்திலே 1915ஐ நினைவூட்டுவது பொருத்தம். அவ்வாண்டு கலவரத்தைச் சாட்டாக வைத்து ஆங்கில அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்தது. ஆயுதந்தரித்த தொண்டர் படையினர் கிராமத்தவரைச் சுட்டார்கள். கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரியான ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞன், ஜூலை 7ஆம் திகதி, இராசத்துரோகி என்று சுட்டுக்கொல்லப்பட்டான். அந்த அநியாயங்களை அம்பலப்படுத்தி நூல் எழுதிக் குரல் கொடுத்தவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய வர்க்க அரசியல் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்தச் செயல் செயல்தான். இன்று பேதிரிஸ் தெற்கிலே தியாகி. அன்றைய துரோகி இன்றைய தியாகியானது எப்படி? ஆட்சி மாறியது. ஆட்சியாளன் கொடுக்கும் பட்டத்தை வைத்து இறந்தவனை எடைபோடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சிங்கள மக்களுக்கு விளங்கக்கூடிய பாடம் வேறில்லை. அதைக் கொழும்பு மறந்துவிட்டது.

நம்முடைய கணக்கு

பிறரைக் குற்றஞ்சாட்டி முடித்துவிட்டால் இக்கட்டுரை எழுதியிருக்கவே வேண்டியதில்லை. நம் கணக்கையும் விரிப்போம்.

துயிலும் இல்லங்களிலே தளபதிக்கும் புதிய போராளிக்கும் ஒரே அளவான கல்லறை வரிசையாக இருந்தது. அது மெச்சத்தக்கதே. ஆனால் அந்த வேலிக்கு வெளியே யார் யார் இருந்தார்கள்? துரோகி என்று பெயரிட்டுச் சுடப்பட்டவர்களுக்குக் கல் இருந்ததா? வீட்டுக்கொருவர் என்று இழுத்துச் செல்லப்பட்டு, பயிற்சி முடியுமுன்னே களத்திலே விழுந்த பிள்ளையின் கல்லிலே அந்தப் பிள்ளை விரும்பிச் செல்லவில்லை என்பது எழுதப்பட்டதா? 2011இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள்மேலும் வைத்தியசாலைகள்மேலும் எறிகணை வீசியதென்று கூறியது. அதே அறிக்கை, தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள் என்றும் கூறியது. முதற்பாதியை மேடையிலே உரக்க வாசிக்கிறோம். பிற்பாதி வந்ததும் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது.

1990 ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர, சில நாள் அவகாசத்திலே தம் வீடுகளைவிட்டு விரட்டப்பட்டனர். முல்லைத்தீவும் மன்னாரும் கிளிநொச்சியும் அதற்கு விலக்கல்ல. நம்முடைய எந்த நினைவு நாளிலே அவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம்?

1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டிலிருந்து ஓடிவந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டி வயலாக்கின. அவர்களுடைய பாட்டன்மார்தாம் மன்னார்ப் பாதையிலே நடந்தவர்கள். வன்னியின் நெல்லிலே அவர்களுடைய வியர்வை இருக்கிறது. வன்னியின் புதைகுழியிலே அவர்களுடைய பிள்ளைகளின் எலும்பும் இருக்கிறது. ஆயினும் காணி உறுதி கேட்டுப் போனால் அவர்கள் இன்னும் வந்தேறிகள். உயிரோடிருப்பவனுக்கு மண்ணிலே உரிமை கொடுக்காத சமூகம், இறந்தவனுக்கு அதே மண்ணிலே கல் நாட்டினால் அது வெறும் வேடம்.

நமது முற்போக்கு முகாமும் தப்பவில்லை. தேசிய ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசினால் வர்க்க ஒற்றுமை குலையுமென்று நம்மிற் பலர் நெடுங்காலம் வாய்மூடியிருந்தோம். இறந்தவர்களை எண்ணுவது இனவாதிகளின் வேலையென்று விட்டுவிட்டோம். விட்ட இடத்தை இனவாதிகளே நிரப்பிக்கொண்டார்கள்.

என்ன செய்வது?

“பசித்திருக்கும் மக்களுக்குக் கல்லா வேண்டும்? சோறும் வேலையும் காணியும் அல்லவா வேண்டும்?” என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் வன்னியிலே இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் கல் கேட்கவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். விடை கிடைக்காமலே அவர்களிற் பலர் மாண்டுபோனார்கள். 2011 ஜனவரியிலே மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரச திணைக்களங்களின் குடித்தொகைக் கணக்குகளையே ஒப்பிட்டு, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்ததென்று அரசின் ஆணைக்குழு முன் கேட்டார். ஆயர் 2021இல் காலமானார். அவருடைய கேள்விக்கு அரசு பதிலளிக்கவில்லை. உழைத்துக் காப்பாற்றும் பிள்ளை எங்கேயென்று தெரியாத தாய்க்கு மரணச் சான்றிதழும் இல்லை. அதனால் காணியும் வங்கிக் கணக்கும் சிக்கலில். நினைவின் பிரச்சினை சோற்றின் பிரச்சினையாக மாறும் இடம் அதுதான்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்வோம். இறந்தவனை நினைப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது சட்டமாக வேண்டும். இடுகாடுகள்மேல் எழுந்த படைமுகாம்கள் அகல வேண்டும். கற்சிலைமடுக் கல்லின் வாசகம் முழு விளக்கத்தோடு மும்மொழியிலும் மீண்டும் வைக்கப்பட வேண்டும். கண்டியரும் வன்னியரும் இணைந்து நின்றமை அதிலே எழுதப்பட வேண்டும். மன்னார்ப் பாதையிலே மாண்ட தொழிலாளருக்கு அந்தப் பாதையிலேயே ஒரு சின்னம் வேண்டும்.

ஆனால் அரசு செய்யட்டும் என்று காத்திருப்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் அழகன்று. வன்னியின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்தைச் சுற்றியும் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் இருக்கிறது. சரித்திரப் பாடத்துக்கு ஒரு கொப்பி எடுங்கள். ஊர் ஊராகச் சென்று முதியவர்களைக் கேளுங்கள். போராளியா, குடிமகனா, சிப்பாயா, துரோகி எனப்பட்டவனா என்று பிரிக்காதீர்கள். தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா, மலைநாட்டிலிருந்து வந்தவரா என்று வேறு வேறு பக்கம் ஒதுக்காதீர்கள். பெயர், வயது, ஊர், செய்த தொழில், மாண்ட இடம், யாருடைய குண்டால் மாண்டார் என்று உறவினர் சொல்வது ஆகியவற்றை எழுதுங்கள். சொல்ல அஞ்சுவோரை வற்புறுத்தாதீர்கள். எழுதியதைப் பத்திரமாக வையுங்கள். பதவி என்று ஒரு நிரல் மட்டும் அந்தக் கொப்பியிலே வேண்டாம்.

இதற்கு முன்மாதிரி நமக்கு மக்களிடமே இருக்கிறது. மே மாதத்திலே முள்ளிவாய்க்கால் மணலிலே காய்ச்சப்படும் கஞ்சிக்குச் சிற்பி இல்லை. திறந்துவைக்க அமைச்சர் வேண்டாம். அரிசியும் தண்ணீரும்தான். கடைசி நாட்களிலே உயிர்காத்த அதே கஞ்சி. சிரட்டையிலே வாங்கிக் குடிப்பவனிடம் நீ கப்டனா, கூலியா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அந்த அடுப்படியிலே உட்கார்ந்து கேட்டால், நம் கொப்பிக்கு முதற்பெயர் கிடைத்துவிடும். வருகிற விடுமுறையிலேயே தொடங்குவோம்.